ஐயனார் குதிரையும் உங்கள் குதிரையும்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் ஐயா காலத்தில் வீட்டில் குதிரை வண்டி இருந்தது. அந்த ஆசையில் போன ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போய் நான்கு வயது மார்வாரி சாதிப் பெட்டைக் குதிரை ஒன்று வாங்கி வந்தேன். சந்தையில் ஓட்டிக் காட்டியபோது ரவால் நடையில் தண்ணீர் ஓடுவது போலப் போனது. அதற்காகவே கூடுதல் விலை கொடுத்தேன். தை மாதம் அண்ணன் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அண்ணன் அதன் மேல் வரவேண்டும் என்று வீட்டில் ஆசை. பழக்குவதற்கு ஐயாவுக்குத் தெரிந்த ஒருவரை வைத்திருக்கிறோம். ஐயனார் கோயில் குதிரை மாதிரி தலை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று முள் கடிவாளம் போட்டு, இரவில் தலையைத் தூக்கிக் கட்டுகிறார். கால் உயர்த்தி ஆட முன்னங்கால்களில் சங்கிலியும் சலங்கையும் கட்டியிருக்கிறார். இப்போது அந்த நடை போய்விட்டது. குலுக்குகிறது. வாயில் ரத்தம் வருகிறது. இரண்டு முறை முன்னங்காலைத் தூக்கி நின்றது, ஒரு முறை நான் விழுந்துவிட்டேன். உடம்பும் இளைத்துவிட்டது. வைக்கோல், தவிடு, கொள்ளு இரண்டு வேளை கொடுக்கிறோம். சேணம் தைக்க அளவெடுத்ததில் நெஞ்சுச் சுற்று 160 செ.மீ., நீளம் 145 செ.மீ. என் எடை 78 கிலோ. சென்னையில் படிக்கும் தங்கை என்.சி.சி. குதிரைப் பிரிவில் ஓட்டிப் பழகியவள், 48 கிலோ. அவள்தான் உங்களுக்கு எழுதச் சொன்னாள். முள் கடிவாளம் இல்லாமல் மார்வாரி அடங்காது என்பது உண்மையா? பழைய நடையை எப்படித் திரும்பக் கொண்டு வருவது?

பதில்: தம்பி, இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் மூன்று காரியம் செய்யுங்கள். கடிவாளத்தைக் கழற்றுங்கள். கால் சங்கிலியைக் கழற்றுங்கள். தலையைத் தூக்கிக் கட்டிய கயிற்றை அவிழ்த்து, அது தரையில் கிடக்கிற தீவனத்தை எட்டித் தின்கிற அளவுக்குத் தளர்த்திக் கட்டுங்கள். மீதியை அப்புறம் வந்து படிக்கலாம்.

கயிற்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் இருக்கும் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. குதிரை நாளின் பெரும்பகுதி தலையைத் தாழ்த்தி மேய்கிற பிராணி. மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் தலை தாழும்போதுதான் வழிந்து வெளியே வரும். மணிக்கணக்கில் தலையை உயர்த்திக் கட்டினால் அந்த அழுக்கு உள்ளேயே தங்கி, கிருமி பெருகி, நுரையீரல் வரைக்கும் போகும். லாரியில் தலையை உயர்த்திக் கட்டி நெடுந்தூரம் கொண்டுவந்த குதிரைகளுக்கு இறங்கிய இரண்டொரு நாளில் காய்ச்சலும் இருமலும் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் குதிரைக்கு அதை ஒவ்வொரு ராத்திரியும் செய்திருக்கிறார்கள். நாளைக் காலையில் ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். அதைத் தாண்டினாலோ, மூக்கில் சளி ஒழுகினாலோ, அன்றைக்கே மருத்துவரை வரவழையுங்கள்.

இனி ஐயனார் குதிரை. நம் பக்கத்தில் ஐயனாருக்கு மண் குதிரை சுமந்துபோகும் புரவி எடுப்பைப் பார்த்து வளராதவர்கள் யார்? வேளார் வனைந்து சுட்ட மண் குதிரை கழுத்தை வில்லாக வளைத்து, தலையை விண்ணென்று தூக்கி, பல் தெரிய நிற்கும். அதைப் பார்த்துக் கும்பிட்ட கண்ணுக்கு உயிர்க் குதிரையும் அப்படி நின்றால்தான் அழகு என்று தோன்றுவது இயல்பு. பழக்குகிறவரும் அந்த ஆசையில்தான் செய்திருப்பார். ஆனால் மண் குதிரைக்கு முதுகெலும்பு கிடையாது, தம்பி. அதன் மேல் யாரும் ஏறுவதும் இல்லை. உயிருள்ள குதிரையின் வாயை இழுத்துத் தலையைத் தூக்க வைத்தால், கழுத்து மேலே போன அளவுக்கு முதுகு கீழே குழிந்துவிடும். குழிந்த முதுகின் மேல் ஒரு ஆள் உட்கார்ந்தால் முதுகெலும்பின் மேல்முனைகள் ஒன்றோடொன்று நெருங்கும், சமயத்தில் உரசும். முதுகு வலிக்கிற குதிரை பின்னங்காலை வயிற்றுக்குக் கீழே வாங்கி வைக்காது. பின்னங்கால் உள்ளே வராவிட்டால் ரவால் நடை வராது. நீங்கள் கேட்ட நடை போன வழி இதுதான்.

ரவால் என்பது என்ன என்று காதால் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். குதிரை மெதுவாக நடக்கும்போது நான்கு கால்களும் தனித்தனியே விழும். இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். சதுஸ்ர நடையில் ‘தகதிமி’ சொல்வது போல நான்கு அடி, நான்குக்கும் ஒரே இடைவெளி. வேகம் கூடி டிராட் ஓட்டத்துக்குப் போனால் எதிரெதிர் மூலைக் கால்கள் ஜோடியாக விழும். அது ‘தக, தக’ என்று இரண்டே அடி. ஜோடி மாறும் இடைவெளியில் நான்கு காலும் ஒரு கணம் அந்தரத்தில் இருக்கும். அந்தக் கணத்தில்தான் ஏறியிருப்பவர் குலுங்குகிறார். ரவால் போடுகிற குதிரையோ வேகம் கூடினாலும் தகதிமியை விடாது. எப்போதும் ஏதாவது ஒரு கால் தரையில் இருக்கும். அதனால்தான் மேலே இருப்பவருக்குத் தண்ணீர் ஓடுகிற மாதிரி தெரிகிறது. ராஜஸ்தானத்தில் மார்வாரியையும் குஜராத்தின் கத்தியவாரில் கத்தியவாரியையும் நெடுந்தூரப் பயணத்துக்குப் போற்றி வளர்த்ததற்கு இந்த நடையும் ஒரு காரணம். ஐஸ்லாந்துக் குதிரைகளிடமும் இதற்கு நெருங்கிய நடை ஒன்று உண்டு. அங்கே நிறைந்த கோப்பையைக் கையில் பிடித்தபடி சிந்தாமல் ஓட்டிக் காட்டுவார்கள்.

அது பிறவியோடு வருவது. 2012-இல் ஐஸ்லாந்துக் குதிரைகளை ஆராய்ந்தவர்கள் இப்படிப்பட்ட நடைகளுக்கு ஒரு மரபணு மாற்றம் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நரம்புகள் கால்களை எந்த வரிசையில் அசைக்கின்றன என்பதையே அது மாற்றிவிடுகிறது. எல்லா மார்வாரிக்கும் ரவால் அமைவதில்லை. உங்கள் பெட்டைக்கு அமைந்திருக்கிறது, சந்தையில் நீங்களே பார்த்திருக்கிறீர்கள். எனவே அதை யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. அதை மூடியிருக்கும் வலியை எடுத்தால் போதும். முள்ளால் உண்டாக்குவது வேறு ஒன்று. அது பயத்தில் வைக்கிற அடி.

அடுத்து கடிவாளம். குதிரையின் வெட்டுப் பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி ஒன்று உண்டு. கடிவாளம் அங்கேதான் உட்காரும். அங்கே தாடை எலும்பு கத்திமுனை போல மெலிந்து, அதன் மேல் மெல்லிய தோல் மட்டும் போர்த்தியிருக்கும். உங்கள் முழங்கால் எலும்பின் முன்பக்கத்தை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள், புரியும். அந்த இடத்தில்தான் முள் குத்துகிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு ஊர்வலம் முடிந்து இரவு பத்து மணிக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். முறுக்குக் கம்பியில் செய்த கடிவாளம். குதிரையின் நாக்கு முக்கால் பாகம் அறுந்து தொங்கியது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தைத்தேன். அது பிழைத்துக்கொண்டது, ஆனால் அதற்கப்புறம் மனிதர் கை தலைக்குப் பக்கத்தில் வந்தாலே நடுங்கும். அந்த நடுக்கத்துக்கு என்னிடம் மருந்து இல்லாமல் போனது.

முள் இல்லாமல் மார்வாரி அடங்காது என்பது பொய். சட்டமும் அதை ஏற்கவில்லை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965-இல் வந்த விதிகள், ஓட்டவும் அடக்கவும் முள் வைத்த கடிவாளத்தையும் தார்க்குச்சியையும் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. முள்ளுக்கு மார்வாரி அதிகமாகத் துள்ளுவது உண்மைதான். அது தோல் மெல்லிசான, கூர்மையான சாதி. சின்னச் சைகைக்கே காது திருப்புகிற குதிரையிடம் எதற்குக் கத்த வேண்டும்?

அது முன்னங்காலைத் தூக்கி நின்றதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. பின்னாலிருந்து குதிகால் ‘போ’ என்கிறது, வாயில் முள் ‘போகாதே’ என்கிறது. முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது, மிச்சம் இருப்பது மேலே மட்டும். இது சவாரியில் மிக மோசமான ஆபத்து. ஏனென்றால் அந்த நேரத்தில் லகானை இழுத்துப் பிடித்தால் குதிரை மல்லாந்து ஏறியவர் மேலேயே விழும். நீங்கள் விழுந்து எழுந்து கடிதம் எழுதுகிறீர்கள் என்பதே எனக்கு ஆறுதல். இனி எந்தக் குதிரையாவது அப்படி எழும்பினால், இரண்டு கையையும் முன்னே கொடுத்து லகானைத் தளர்த்துங்கள், உடம்பை முன்னே சாய்த்துப் பிடரியைப் பிடியுங்கள். கால் தரைக்கு வந்ததும் இறங்கிவிடுங்கள்.

சங்கிலியைப் பற்றி ஒரு தூரத்துக் கதை சொல்ல வேண்டும். அமெரிக்காவில் டென்னசி வாக்கிங் ஹார்ஸ் என்று ஒரு சாதி. அதற்கும் பிறவியிலேயே நான்கடி நடை, அசாத்திய மென்மை. தோட்டங்களைச் சுற்றிப் பார்க்க நாள் முழுக்க ஏறிப்போகிற குதிரை அது. பிறகு காட்சிப் போட்டிகள் வந்தன. முன்னங்காலை எவ்வளவு உயரம் தூக்குகிறதோ அவ்வளவு பரிசு என்றானது. குளம்புக்கு மேலே கணுக்காலில் மண்ணெண்ணெய், கடுகெண்ணெய் என்று எரிகிற சரக்கைத் தடவிப் புண்ணாக்கி, அதன் மேல் சங்கிலி கட்டினார்கள். கால் தரையில் பட்டதும் சங்கிலி புண்ணில் அடிக்கும். வலி தாங்காமல் குதிரை காலை வெடுக்கென்று தூக்கும், பார்க்கிறவர்கள் கை தட்டுவார்கள். இதைத் தடுக்க அமெரிக்க நாடாளுமன்றம் 1970-இல் தனிச் சட்டமே போட்டது. அதற்குப் பிறகும் திருட்டுத்தனமாக நடந்தது. உங்கள் வீட்டுக் கொட்டகையில் எண்ணெய் தடவவில்லை, சரி. ஆனால் ஐப்பசி மழையில் சேறும் ஈரமும் பட்ட தோலில் இரும்பு உரசினால் எண்ணெய் இல்லாமலே புண் வரும்.

அந்த இடத்து மயிரை விலக்கிப் பாருங்கள். வீக்கம், சிரங்கு, நீர்க்கசிவு இருந்தால் சுத்தமான உப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து உலர்த்துங்கள். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ரணஜன்னித் (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று எழுதவில்லை. போடவில்லை என்றால் அதுதான் முதல் ஊசி. வீட்டு விலங்குகளில் குதிரையைப் போல ரணஜன்னிக்கு எளிதில் ஆளாவது வேறில்லை. ஒரு சின்னக் கீறல் போதும்.

வாய்க்கும் உப்புத் தண்ணீர்தான், தீவனம் தின்ற பின் இரண்டு வேளை. மருத்துவர் வரும்போது பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு வயதில் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும் காலம் இன்னும் முடிந்திருக்காது, கடைசி வெட்டுப்பல் மாறவே நாலரை வயது ஆகும். கடைவாய்ப் பல் கூராகிக் கன்னத்தைக் குத்தினால் அரத்தால் ராவிவிட வேண்டும். எந்தக் கடிவாளமும் போடும் முன் அதைச் செய்யாவிட்டால், நல்ல கடிவாளத்துக்கும் அது தலையை உதறும். நாமோ திமிர் என்று நினைப்போம்.

இளைத்ததற்கு இரண்டு பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று ரத்தம். கடிக்கும் பெரிய ஈக்களால் பரவும் சர்ரா நோய் விட்டுவிட்டுக் காய்ச்சல் கொடுத்து, வயிற்றடியிலும் காலிலும் நீர் கோத்து, குதிரையை உருக்கிவிடும். அதற்கும் குடற்புழுவுக்கும் பரிசோதனை செய்யுங்கள். சந்தையில் வாங்கிய குதிரை என்பதால் கிளாண்டர்ஸ் பரிசோதனையையும் தள்ளிப்போட வேண்டாம். அரசு கால்நடை மருத்துவரிடம் சொன்னால் ரத்த மாதிரியை ஆய்வுக்கு அனுப்பி வைப்பார். ஹரியானாவின் ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இதற்கான இடம். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றக்கூடிய நோய். முடிவு வரும்வரை குழந்தைகளை அதன் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்ச விடாதீர்கள். குதிரைக்கு வைத்த வாளியை வேறு உருப்படிக்கு வைக்காதீர்கள்.

இன்னொன்று தீவனம். குதிரையின் இரைப்பை சின்னது, அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க நார்த்தீனி போய்க்கொண்டிருக்க வேண்டும். இரண்டு வேளை கொள்ளும் தவிடும் கொட்டிவிட்டு நடுவில் பட்டினி போட்டால் ஒருநாள் வயிற்றுவலியில் உருண்டு உயிரை விட்டுவிடும். நெல் வைக்கோலில் சத்து இல்லை. நம் பக்கத்தில் கடலைக்கொடிக்குக் குறைவில்லையே! மண்ணை நன்றாக உதறி, பூஞ்சணம் இல்லாததாகப் பார்த்துப் போடுங்கள். மண்ணோடு போனால் அது குடலில் படிந்து அதுவே வயிற்றுவலிக்குக் காரணமாகும். காய்ந்த தீனிக் கணக்கில் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, அதாவது உங்கள் குதிரைக்கு நாளுக்கு 5 முதல் 6 கிலோ, நான்கைந்து தடவையாகப் பிரித்து. கூடவே பச்சைப்புல். கொள்ளை ஊறவைத்து, அளவாக. தவிட்டைக் குறையுங்கள். அதில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. வருடக்கணக்கில் கொடுத்தால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து முகஎலும்பு ஊதிவிடும். மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் பத்து நாளில் படிப்படியாகச் செய்யுங்கள். தண்ணீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சேணத்துக்கு எடுத்த அளவு எனக்கு உதவியது. செ.மீ.யில் எடுத்த நெஞ்சுச் சுற்றை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். நீளம் தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை இருக்க வேண்டும். அப்படித்தான் எடுத்தீர்கள் என்றால் உங்கள் பெட்டை சுமார் 312 கிலோ. ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. அது 62 கிலோ. நீங்கள் 78, சேணம் ஒரு 7 என்றால் 85. வளர்ந்து முடிந்த, சதைப்பிடிப்புள்ள குதிரைக்கே இது கூடுதல். உங்களுடையது நான்கு வயது, இளைத்தது, முதுகெலும்பின் வளர்ச்சி முனைகள் மூட ஐந்தரை ஆறு வயது ஆகும். மனம் கோணாமல் கேளுங்கள் தம்பி, உடம்பு தேறும்வரை இந்தக் குதிரை மேல் நீங்கள் ஏறவே கூடாது. தங்கை ஏறட்டும். 48-உம் 7-உம் 55. அதற்கு அது தாங்கும், அதுவும் ஆறு வாரம் கழித்து.

அந்த ஆறு வாரமும் உங்களுக்கு வேலை இருக்கிறது. கீழே நின்று பழக்குவதுதான் பழக்கத்தின் பெரும்பகுதி, ஏறுவது கடைசிக் கொஞ்சம். நல்ல அகலமான தலைக்கயிறு போட்டு, காலையில் வெயிலுக்கு முன் கண்மாய்க் கரையிலோ செம்மண் தடத்திலோ பக்கத்தில் நடத்திக் கூட்டிப்போங்கள். தார் ரோடு வேண்டாம். முதலில் கற்றுத்தர வேண்டியது ‘நில்’. சொல் முதலில் வரட்டும், ஒரு நொடி கழித்துக் கயிற்றில் மெல்லிய இழுப்பு, நின்ற அதே கணத்தில் கயிறு தொய்ய வேண்டும். குதிரை இழுப்பிலிருந்து எதையும் படிப்பதில்லை, இழுப்பு விடுபடுகிற அந்தக் கணத்திலிருந்து படிக்கிறது. இரண்டு நொடி தாமதித்து விட்டீர்களானால் அதற்குள் அது வேறு ஏதோ செய்திருக்கும், அதைத்தான் சரி என்று எடுத்துக்கொள்ளும். நின்றதும் பிடரி அடியில் விரலால் சொறிந்து கொடுங்கள். தாய்க்குதிரை பல்லால் சொறிந்து கொடுக்கிற இடம் அது. தட்டிக்கொடுப்பதைவிட அதற்குப் பிடிக்கும். பத்து நாளில் கயிறு தேவைப்படாமல் சொல்லுக்கே நிற்கும். ‘நில்’ வந்துவிட்டால் முள் எதற்கு?

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். விரல் போனவர்களை எனக்குத் தெரியும்.

குளம்பையும் இந்த நாட்களில் சரிசெய்துவிடுங்கள். நுனி நீளமாக விட்டிருக்கிறாரா என்று பாருங்கள், கால் உயரட்டும் என்று சிலர் அப்படி விடுவார்கள். நீண்ட நுனி தரையை விட்டுக் கிளம்பத் தாமதிக்கும், தாளம் அங்கேயே கெடும், பின்தசைநாரும் இழுபடும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை சீவி லாடம் மாற்றுவது கணக்கு.

தங்கை ஏறத் தொடங்கும்போது மழமழப்பான, நடுவில் ஒரு கண்ணி வைத்த ஸ்னாஃபிள் கடிவாளம் போதும். தாடைப்பட்டி போட்ட சவாரி ஹெல்மெட், சின்னக் குதி வைத்த ஷூ, பாதம் எளிதில் கழன்றுவரும் அகலத்தில் அங்கவடி. இவை இல்லாமல் ஒருநாளும் ஏற வேண்டாம். விழும்போது செருப்புக் கால் அங்கவடியில் மாட்டிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். முதல் இரண்டு வாரம் வெறும் நடை, இருபது நிமிஷம், கழுத்தை நீட்டித் தலையைத் தாழ்த்தித் தொய்வாக நடக்க விட வேண்டும். பார்க்க அழகாக இருக்காது. பக்கத்து வீட்டில் ‘கழுதை மாதிரி போகுது’ என்பார்கள். விடுங்கள். அந்த நீட்டத்தில்தான் குழிந்த முதுகு நிமிரும், பின்னங்கால் உள்ளே வரும்.

அப்புறம் அந்த நடையையே கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் துரிதப்படுத்தச் சொல்லுங்கள். டிராட்டுக்கு உடையும் இடத்துக்கு ஒரு நூல் முன்னே ரவால் இருக்கிறது. முதல் நாள் நான்கு அடிதான் வரும். வந்ததும் லகானைத் தொய்யவிட்டு, நடக்கவிட்டு, அன்றைக்கு அத்தோடு போதும். மறுநாள் ஆறு அடி. ஒரு மைல் கேட்டு வாங்கினால் களைத்து வேறு நடைக்கு விழும், விழுந்த நடையையே பழகிக்கொள்ளும். நீங்கள் கீழே நின்று கண்ணை மூடிக் கேளுங்கள். தகதிமி ‘தக, தக’ என்று இரண்டாகச் சுருங்கிவிட்டால் வேகத்தைக் குறைத்து நடைக்குக் கொண்டு வந்து, கண்மாய்க் கரையின் மெல்லிய சரிவில் திரும்பத் தொடங்குங்கள். இரண்டடி கேட்கிறது, ஆனால் ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து விழுகின்றன, ஏறியவர் ஒட்டகத்தில் போவது போலப் பக்கவாட்டில் ஆடுகிறார் என்றால் அது வேறு கோளாறு. அதற்கு மூங்கில் கம்புகளைத் தரையில் இரண்டரை மூன்று அடி இடைவெளியில் போட்டு, நடையில் தாண்ட வைத்தால் ஒட்டிய கால்கள் பிரியும். வாயைத் தொட்டு எதையும் திருத்த வேண்டாம். தங்கை என்.சி.சி.யில் பழகியது டிராட் ஓடுகிற குதிரைகளாக இருக்கும், எழுந்து எழுந்து உட்கார்ந்து பழகியிருப்பாள். ரவாலில் எழுந்திருக்கக் கூடாது, அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

பழக்குகிறவரை நிறுத்திவிடாதீர்கள். அவர் கொடுமைக்காரர் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சேணம் கட்டுவது, குதிரையின் முகம் பார்த்து நோய் சொல்வது என்று நமக்குத் தெரியாத பலதும் அவருக்குத் தெரிந்திருக்கும். ஐயாவை வைத்தே பேசுங்கள். ‘அண்ணே, டாக்டர் வாய்ப்புண் ஆறுகிறவரைக்கும் இரும்பு கூடாதுன்னுட்டார், நடத்திக் கூட்டிப்போறது, குளம்பு, தீனி எல்லாம் உங்க பொறுப்பு’ என்று சொன்னால் அவர் மரியாதைக்கும் குறைவில்லை. ‘நில்’ என்ற சொல்லுக்குக் குதிரை நிற்பதை அவர் கண்ணால் பார்த்துவிட்டால் நீங்கள் வாதாட வேண்டியிருக்காது. மறுபடியும் முள்ளை எடுத்தார் என்றால் மட்டும் தயங்காமல் அனுப்பிவிடுங்கள்.

கல்யாணம். இந்தத் தையில் இந்தக் குதிரை வேண்டாம். தவில் முழக்கம், வேட்டு, ஜெனரேட்டர், முகத்தில் அடிக்கிற வீடியோ லைட், காலடியில் ஓடும் பிள்ளைகள், மேலே பட்டு வேட்டியும் மாலையுமாக, குதிரை ஏறிப் பழக்கமில்லாத மாப்பிள்ளை. வாயில் வலி இல்லாத, வயது முதிர்ந்த, பத்து ஊர்வலம் பார்த்த குதிரைக்கே இது பெரிய சோதனை. ஏற்கெனவே இரண்டு முறை எழும்பிய நான்கு வயதுப் பெட்டையை அதன் நடுவே நிறுத்தினால் யாரோ ஒருவருக்கு அடிபடும், அது ஒரு குழந்தையாகவும் இருக்கலாம். அண்ணன் காரில் வரட்டும். வீட்டில் வருத்தப்படுவார்கள் என்று தெரியும். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள், வேண்டுமென்றால் ஐயாவிடம் நானே பேசுகிறேன்.

அடுத்த வருடம் எங்காவது கூட்டிப்போக ஆசை இருந்தால் இப்போதே சத்தத்துக்குப் பழக்கலாம். தீனி தின்னும் நேரத்தில் ஐம்பது அறுபது அடி தள்ளி நாதஸ்வரம் ஒலிப்பதிவை மெல்ல வையுங்கள். தின்பதை நிறுத்தாத தூரம் எதுவோ அதுதான் அன்றைய தூரம். வாரத்துக்கு நாலைந்து அடி கிட்டே வரலாம். வேட்டுக்கு நான் எந்தக் குதிரையையும் பழக்கச் சொல்வதில்லை.

ஆறு வாரம் முடிந்து தங்கை ஏறிய பிறகு ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள். செம்மண் தடத்தில், பக்கவாட்டிலிருந்து, போனைக் குதிரையின் முழங்கால் உயரத்தில் பிடித்து, மெதுவோட்டத்தில், பேச்சுச் சத்தம் இல்லாமல். அடிச் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும். கூடவே சேணத்தைக் கழற்றியதும் முதுகில் வியர்வை எந்த இடத்தில் படிந்திருக்கிறது, எந்த இடம் காய்ந்திருக்கிறது என்று ஒரு படமும் எடுங்கள். நடுவில் காய்ந்த திட்டு தெரிந்தால் சேணம் அங்கே அழுத்துகிறது என்று அர்த்தம், புதுச் சேணம் தைக்கக் கொடுக்கும் முன் அதைப் பார்த்துச் சொல்கிறேன்.